மொட்டைமாடியில் ஏழு நாள் கடல்

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பிழைக்காது என்றார்கள், பிழைத்தாள். கணக்கில் இரண்டு முறை கவிழ்ந்து மூன்றாம் முறை தொண்ணூற்றொன்று வாங்கினாள். தொழிற்பயிற்சிக் கூடத்தில் நாற்பது பையன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து, எலெக்ட்ரீஷியன் படிப்பில் முதலாவதாக வெளியே வந்தாள். பொம்பளைக்கு எதற்கு மோட்டார் வேலை என்று கேட்ட மேஸ்திரி கைவிட்ட மோட்டாரை மறுநாளே ஓட வைத்தாள். இரண்டு தடவை வேண்டாமென்று சொல்லியனுப்பிய குடும்பத்துக்கே மருமகளாகப் போய், ஆறு மாதத்தில் மாமியாரைத் தன் கட்சிக்கு இழுத்துக்கொண்டாள். கடைசியாக, நடுக்கடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிற மேடையில் ஒரே ஒரு எலெக்ட்ரீஷியன் வேலைக்கு அறுபத்து நான்கு பேர் முட்டி மோத, அந்த இடத்தையும் தட்டிக்கொண்டு வந்தாள். என் தங்கை.

இத்தனையும் ஜெயித்தவளுக்கு ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை. வருகிறேன், அல்லது வரவில்லை.

வாசகர்களே, இந்த இனத்துக்கு ‘முடிவெடுக்கப் போகிறவர்’ என்று பெயர். முடிவெடுத்தவர் வேறு, அவர் நிம்மதியாகத் தூங்குவார். முடிவெடுக்காதவர் வேறு, அவரும் தூங்குவார். முடிவெடுக்கப் போகிறவர் இருக்கிறாரே, அவர் தாமும் தூங்கமாட்டார், பக்கத்தில் படுத்திருப்பவரையும் தூங்க விடமாட்டார்.

இவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? மிகவும் எளிது. “சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்” என்று தொடங்குவார்கள். மருந்துக் கடைக்காரரிடம் ஒரு பேச்சுக்குக் கேட்பார்கள், பஸ் கண்டக்டரிடம் ஒரு பேச்சுக்குக் கேட்பார்கள், முடிவெட்டுகிறவர் கழுத்தருகே கத்தியை வைத்திருக்கும்போதும் ஒரு பேச்சுக்குக் கேட்பார்கள். போ என்று சொல்லிப் பாருங்கள், போகக் கூடாததற்கு ஒன்பது காரணம் அடுக்குவார்கள். போகாதே என்று சொல்லிப் பாருங்கள், என்னால் முடியாதென்று நினைக்கிறீர்களா என்று சண்டைக்கு வருவார்கள். உங்கள் இஷ்டம் என்று சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். உங்களுக்கு அவர்கள்மேல் அக்கறையே இல்லை.

பிறகு நோட்டுப் புத்தகம் வரும். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘போகலாம்’, வலப்பக்கம் ‘வேண்டாம்’. ஒரு பக்கம் நீண்டுவிட்டால் மறுபக்கத்துக்குப் பாவம் பார்த்து எதையாவது எழுதிச் சமன் செய்வார்கள். என் தங்கையின் நோட்டில் ‘கடல் காற்று’ என்பது இரண்டு பக்கமும் இருந்தது. இருபத்தெட்டு நாள் கடலில், இருபத்தெட்டு நாள் வீட்டில் என்பதுதான் அந்த வேலையின் முறை. அந்த ‘இருபத்தெட்டு நாள்’ இடப்பக்கம் ஒரு முறையும் வலப்பக்கம் ஒரு முறையும் ஏறியிருந்தது.

கடிதம் வந்தது ஆகஸ்ட் இருபத்தெட்டு. பதினான்கு நாளில் பதில் சொல்லாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்கு. முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். அவளுக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது. அதாவது, இந்தத் தடவை விட்டால் விட்டதுதான். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். நோட்டில் இதையும் இரண்டு பக்கமும் எழுதியிருந்தாள்.

வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு ‘டெஸ்டர்’ என்று பட்டப்பெயர். கொண்டையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். சுவிட்சை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகும் டெஸ்டரால் கம்பியை மூன்று முறை தொட்டுப் பார்த்துத்தான் கை வைப்பாள். ஏனம்மா இத்தனை சந்தேகம் என்று ஒருமுறை கேட்டேன்.

“கரண்ட் இல்லன்னு அடுத்தவன் சொன்னத நம்பித் தொட்டவன் யாரும் இப்ப பேசறதில்லண்ணா” என்றாள்.

அப்படிப்பட்டவள் ஒரு வேலையை மட்டும் சோதிக்காமல் தொடுவாளா? செப்டம்பர் முதல் தேதி, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, தலைக்கவசமும் பாயும் ஒரு மாற்றுடையுமாக மொட்டைமாடி அறைக்கு ஏறிப் போனாள். அதுதான் இனிமேல் எண்ணெய் மேடையாம். கீழே வீடு கரையாம். நடுவில் பதினெட்டுப் படி; அது கடலாம். இருபத்தெட்டு நாளுக்கு நேரமில்லாததால் ஏழு நாள். அவளில்லாமல் வீடு நடக்கிறதா, வீடில்லாமல் அவள் இருக்கிறாளா, இரண்டையும் ஒரே சோதனையில் பார்த்துவிடுவதாகத் திட்டம்.

சிரிக்காதீர்கள். அந்த வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிற நான் உட்பட, நாங்களும் முதலில் சிரித்தோம். மாலைக்குள் ஆளுக்கொரு வேலையில் மாட்டிக்கொண்டோம்.

பள்ளி வேன் ஓட்டுகிற மாப்பிள்ளைக்கு ஹெலிகாப்டர் வேலை. ஹெலிகாப்டர் என்பது கயிறு கட்டிய வாளி. வேளைக்கு வேளை சாப்பாடு அதில்தான் மேலே போகவேண்டும். முதல் நாள் இரவுச் சாப்பாட்டை அவர் தீய்த்துவிட்டு, கயிற்றைக் கையில் பிடித்தபடி வானத்தைப் பார்த்து, காற்று பலமாக இருப்பதால் ஹெலிகாப்டர் அரை மணி தாமதம் என்று அறிவித்தார். மேடையில் தினமும் பன்னிரண்டு மணி நேரம் வேலையாம்; அதற்காகத் தெருவே தன் ஓடாத மின்விசிறிகளையும் சூடேறாத இஸ்திரிப் பெட்டிகளையும் வாளியில் ஏற்றி அனுப்பியது. அபாய ஒத்திகைக்கு விசில் ஊதும் பொறுப்பு மாமியாருக்கு. விசில் கேட்டதும் தங்கை எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு, கவசத்தோடு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கவேண்டும். ஒரு நாளைக்கு ஒருமுறை என்று பேச்சு. அம்மாளுக்கு ருசி கண்டுவிட்டது. தொலைக்காட்சித் தொடரில் இடைவேளை வரும்போதெல்லாம் ஊதினார்.

ஹெலிகாப்டர் கடலில் விழுந்து தலைகீழானால் எப்படித் தப்புவது என்று வேலையில் சேருமுன் குளத்தில் பயிற்சி தருவார்களாம். அதையும் முன்கூட்டியே சோதிக்காவிட்டால் எப்படி? நான்காம் நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வாளியில் என் தையல் அளவு நாடாவை வரவழைத்து இடுப்போடு கட்டிக்கொண்டாள். ஹெலிகாப்டர் ஓட்டுநர் என்ற முறையில் மாப்பிள்ளையை மேலே அழைத்து, மெத்தையின்மேல் நாற்காலியைக் கவிழ்க்கச் சொன்னாள். பதினொரு நொடியில் வெளியே வந்துவிட்டாள். நாடா ஒன்றரை அங்குலம் நீண்டுவிட்டது. அன்றைக்கு நான் தைத்த இரண்டு சட்டைகளின் கதையை இங்கே சொல்லத் தேவையில்லை.

ஏழாம் நாள் மாலை கரையிறங்கி, கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து முடிவுகளை வாசித்தாள். மாப்பிள்ளை இரண்டாம் நாளே உப்பு டப்பாவைக் கண்டுபிடித்து, ஐந்தாம் நாள் தீய்க்காமல் சமைத்திருந்தார்: தேர்ச்சி. மாமியார் தமக்கு ஒரு குறையும் இல்லை, விசிலை மட்டும் திருப்பித் தரமாட்டேன் என்றார்: தேர்ச்சி. மேலே இருந்தவளுக்கு முதல் இரண்டு நாள் வீட்டு ஞாபகமாகவே இருந்ததாம், மூன்றாம் நாளிலிருந்து வேலை பிடித்துவிட்டதாம், பன்னிரண்டு மின்விசிறி ஓடிவிட்டதாம்: தேர்ச்சி.

“அப்ப எல்லாரும் பாஸ்” என்றேன்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, படிக்கட்டுச் சுவரைக் காட்டினார். அங்கே சாக்பீஸில் சின்னச் சின்னக் கோடுகள். ஐந்தைந்தாகக் கட்டு கட்டியிருந்தது. எண்ணினேன், நாற்பத்து மூன்று. ஏழு நாளில் நான் மேலே ஏறிய தடவைகள். தையல் எந்திரத்தில் ஏதோ சத்தம் என்று ஏறியிருக்கிறேன். மழை வருமா என்று பார்க்க ஏறியிருக்கிறேன். கிழிந்த பாயைத் தைத்துத் தருகிறேன் என்று ஏறியிருக்கிறேன். பாய் கிழியவே இல்லை.

“மச்சான், கடல்ல படிக்கட்டு கிடையாது” என்றார் மாப்பிள்ளை, மிகவும் மரியாதையாக.

“நீதாண்ணா ஃபெயில்” என்றாள் தங்கை. சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. “ஒவ்வொரு தடவை நீ ஏறி வரும்போதும், வேண்டாம் இறங்கி வந்துடுன்னு சொல்லப் போறேன்னு நெனச்சேன்.”

நான் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மருந்துக் கடைக்காரர் முதல் கண்டக்டர் வரை ஊரையே ஒரு பேச்சுக்குக் கேட்டவள், என்னை மட்டும் கேட்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏன் கேட்கவில்லை? நான் சொன்னால் அவள் கேட்டுவிடுவாள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

கெடு முடியும் பதினான்காம் நாள் காலை, கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்குக் கூடவே போனேன். பேனா நான்தான் எடுத்துப் போனேன்; இரண்டு, ஒன்று எழுதாவிட்டால் மற்றொன்று. எழுத்தர் தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் திரையைப் பார்த்தேன். கீழ் மடிப்பில் ஒன்பதாவது தையல் விட்டுப் போயிருந்தது. பதினேழாவதும். போ என்றால் நான் அனுப்பியதாகும், போகாதே என்றால் நான் நிறுத்தியதாகும். எத்தனையோ வருஷமாக எல்லாவற்றையும் சொல்லிவந்த வாயை அன்றைக்குத்தான் மூடிவைத்திருந்தேன். நான் செய்ததிலேயே கஷ்டமான தையல் அது.

அவள் ‘வருகிறேன்’ என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். என் பக்கத்தில் இருந்த பேனாவை விட்டுவிட்டு, எழுத்தருடைய பேனாவால்.

ஒரு விவரம் சொல்லவேண்டும். ஆறு வயதில் நூலக அட்டைக்காக, கையெழுத்து எப்படிப் போடுவது என்று என்னைக் கேட்டாள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரிந்தது என் கையெழுத்து ஒன்றுதான்: ஊசி மாதிரி மேலே ஒரு கோடு, நூல் மாதிரி கீழே ஒரு சுழி. அதையே போட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து சான்றிதழ், வங்கி, கல்யாணப் பதிவு எல்லாவற்றிலும் அவள் போட்டது அந்த ஊசியும் நூலும்தான். பார்க்கிறவர்கள் அண்ணன் தங்கைப் பாசம் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அந்தத் தாளில் ஊசியும் இல்லை, நூலும் இல்லை. அவள் பெயர், முதலெழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை, முழுசாக.

இதைப் படித்துவிட்டு, நம் வீட்டிலும் இப்படி ஒருத்தர் உண்டு என்று சிரிக்கிறீர்களா? நல்லது. முதலில் உங்கள் சட்டைப் பையைப் பாருங்கள், பதில் போடாத கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று. இல்லையா? அப்படியானால் குனிந்து உங்கள் காலைப் பாருங்கள். அது இந்த நிமிஷம் யாருடைய படிக்கட்டில் நிற்கிறது? சுவரில் எத்தனை கோடு?

எனக்குத் தேதிகளைக் குறித்து வைக்கிற பழக்கம் உண்டு. என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டது, செப்டம்பர் பதினொன்று, வியாழக்கிழமை, காலை பத்து ஐம்பது.