சும்மா கிடக்கும் தண்ணீர்

2024 மே 10, வெள்ளிக்கிழமை காலை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றில் சுதாகரின் எடை அறுபத்தொரு கிலோ எழுநூறு கிராம்.

ஞாயிற்றுக்கிழமை திருப்போரூரில் நடக்கவிருந்த கபடிப் போட்டி, அறுபது கிலோவுக்கு உட்பட்டவர்களுக்கானது. மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர்கள் பார்க்க வருகிறார்கள். குப்பத்து அணியில் பாடிப் போய், எதிராளியைத் தொட்டு, திரும்பியும் வரத் தெரிந்தவன் சுதாகர் ஒருவன்தான். மற்ற ஆறு பேரும் நன்றாகப் பிடிப்பார்கள். பாடிப் போனால் மட்டும் திரும்பி வரமாட்டார்கள்.

அணியை நடத்திவந்த தாண்டவராயன், தராசின் மேல் நின்ற மச்சினன் சுதாகரை இறங்கச் சொல்லி மறுபடி ஏறச் சொன்னார். அதே எண்தான் ஒளிர்ந்தது. தராசு அவர் மனைவி வச்சலாவின் மீன்கடையில் இருப்பது. பிள்ளைத்தாய்ச்சியான மகளைப் பார்க்க வச்சலா கோவளம் போயிருந்தாள். கடை மூடிக் கிடந்தது.

"இன்னாடா துன்னுகினு இருந்த?"

"ஒண்ணும் துன்னல மாமா. இன்னும் நாஸ்தா கூட ஆவல."

"அப்போ இது எங்கேர்ந்து வந்துச்சு, காத்துலேர்ந்தா?"

பக்கத்தில் நின்ற பிரவின்குமார் எண்ணைக் குனிந்து பார்த்தான். கல்பாக்கம் ஆராய்ச்சி மையத்தில் டெக்னீஷியன், திருநெல்வேலிக்காரன், சாயங்காலங்களில் குப்பத்துப் பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பவன்.

"ரெண்டு நாள்ல கொழுப்பைக் கரைக்க முடியாது அண்ணாச்சி. தண்ணியைத்தான் குறைக்கலாம். ஆனா அது நல்லதில்ல."

"எந்தத் தண்ணி?"

"உடம்புல இருக்கிற தண்ணிதான். மனுஷன்ல நூத்துக்கு அறுபது பங்கு அதுதான். ஒரு லிட்டர் போனா ஒரு கிலோ போகும்."

படகுக்கு எண்ணெய்க் கணக்குப் போட்டுப் பழகிய மூளை தாண்டவராயனுடையது. "அப்போ இவனுக்குள்ள முப்பத்தாறு லிட்டருக்கு மேல கீது. ரெண்டு லிட்டர் எடுத்தா இன்னா கொறஞ்சி போவும்?"

"ஒவ்வொரு சொட்டுக்கும் வேலை இருக்கு. ரத்தமா ஓடணும், மூட்டு தேயாம வழவழன்னு வச்சிருக்கணும், வேர்த்து உடம்பைக் குளிர வைக்கணும், கழிவை வெளிய தள்ளணும்..."

"எல்லாத் தண்ணிக்குமா வேலை கீது? நம்ம டீம்லயே ரெண்டு பேரு சும்மாதான் நிக்கிறானுங்க. அந்த மாதிரி சும்மா கீற தண்ணியா பாத்து எடுப்போம்."

கடலுக்குப் போகும்போது போடும் மழைக்கோட்டைச் சுதாகருக்கு மாட்டி, கத்திரி வெயிலில் மணலில் ஓடவிட்டார். பின்னாலேயே மொபெட்டில் போனார். திரும்பி வந்து ஏற்றினால் அறுபத்தொன்று. தாண்டவராயனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இன்னொரு சுற்று ஓடச் சொல்லிவிட்டு, வலையை உலர்த்தப் போனார். அந்தச் சுற்று முடிந்து சுதாகர் தராசில் ஏறியபோது அறுபத்திரண்டு காட்டியது.

தாண்டவராயன் நெற்றியில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னாடா பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணல மாமா. பஸ் ஸ்டாண்டாண்ட மோர்ப் பந்தல் போட்டுகீறாங்க. மழைக்கோட்டோட ஓடியாறவன பாத்து பயந்துட்டாங்க. நாலு பேரு புடிச்சி உக்கார வச்சி ஊத்துனாங்க."

"எவ்ளோ?"

"ரெண்டு சொம்பு. அப்பால போட்டோ சரியா வர்லன்னு இன்னொரு வாட்டி ஊத்துனாங்க. தர்பூசணியும் குடுத்தாங்க."

"ஏழு பேரு புடிச்சா திமிறிகினு வரத் தெரியுது. மோர் ஊத்துறவன் நாலு பேர்கிட்டேர்ந்து வரத் தெரியல உனக்கு."

சனிக்கிழமை சுதாகருக்குத் தண்ணீர் கிடையாது. தாண்டவராயன் வீட்டுக் குடங்களைக் கவிழ்த்துவைத்தார். குளிக்கும்போது வாயைத் திறந்துவிடுவான் என்று குளியலையும் நிறுத்தினார். காலையில் ஓட்டம், மதியம் ஓட்டம், நடுவில் மழைக்கோட்டோடு தகர ஷெட்டில் உட்காரவைத்தல். மாலையில் அறுபது எழுநூறு. பயிற்சிக்கு வந்த பிரவின்குமாரிடம் அதைப் பெருமையாகச் சொன்னார்.

சுதாகர் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் பாடிப் போனான். "கபடி... கப்... க்க..." என்றான். பிறகு வாய் மட்டும் அசைந்தது.

"பாட்ட நிறுத்தாதடா. நிறுத்துனா அவுட்டு."

சுதாகர் தன் வாயைச் சுட்டிக் காட்டினான்.

"எச்சிலும் தண்ணிதான் அண்ணாச்சி," என்றான் பிரவின்குமார். "அது வத்திப்போனா நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிடும்."

தாண்டவராயன் ஓடிப் போய் ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கொண்டுவந்து சுதாகரின் நாக்கில் தடவினார். எச்சில் ஊறியது. துப்பினால் எடை குறையும், விழுங்கினால் பாட்டு வரும்.

"துப்பட்டுமா மாமா?" என்று வாயை மூடியபடியே கேட்டான் சுதாகர்.

"இருடா," என்றார் தாண்டவராயன். யோசித்துப் பார்த்தும் அவரால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அதற்குள் அவன் விழுங்கிவிட்டான்.

ஞாயிறு காலையில் அறுபது ஐந்நூறு. இன்னும் அரைக் கிலோதான். ஆனால் அந்த அரைக் கிலோ அசையவில்லை. ஓடினால் வியர்க்கவில்லை. ஒன்றுக்குப் போகச் சொன்னால், போய் நின்றுவிட்டுத் திரும்பிவந்தான்.

"வர்ல மாமா."

"இன்னொரு வாட்டி போய் நில்லு."

"நின்னாலும் வர்ல மாமா."

பிரவின்குமாருக்குப் போன் போட்டார்.

"கிட்னி பூட்டிக்கிடும் அண்ணாச்சி. வரத்து நின்னுபோச்சுன்னா இருக்கறத வெளிய விடாது."

"ஏரி மதகு மாதிரியா?"

"அப்படித்தான். முதல்ல அவனுக்குத் தண்ணி கொடுங்க. விளையாட்டில்ல."

தாண்டவராயன் போனை வைத்துவிட்டு மச்சினனைப் பார்த்தார். "உன் உடம்பே உன் பேச்ச கேக்கல. நீ எங்க என் பேச்ச கேக்கப் போற?"

பதில் சொல்ல வாயெடுத்த சுதாகர், கண் செருகி, தராசுக்குப் பக்கத்திலேயே சாய்ந்தான்.

மெயின் ரோட்டில் இருந்த கிளினிக்கில் டாக்டரம்மா பார்த்த மாத்திரத்தில் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். தாண்டவராயன் பாட்டிலில் எழுதியிருந்ததைப் படித்தார். ஐந்நூறு மில்லி. அரைக் கிலோ. இரண்டு நாள் உழைப்பு சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், வெயிட்டு இல்லாத குளுக்கோஸ் எதுனா கீதா?"

டாக்டரம்மா நிமிர்ந்தார். "நீங்க பேஷன்டுக்கு யாரு?"

"அக்கா வூட்டுக்காரன்."

"கொஞ்சம் வெளிய நில்லுங்க."

இரண்டாவது பாட்டிலையும் ஏற்ற வேண்டும், இன்றைக்குப் படுத்துக் கிடக்க வேண்டும் என்று அவர் சொன்னதைச் சுதாகர் கேட்டான். மாவட்டத்திலிருந்து ஆட்கள் வருவதும் அவன் நினைவில் இருந்தது. முதல் பாட்டில் முடிந்ததும் தானாகவே எழுந்து வந்துவிட்டான். கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தால் அறுபத்தொன்று.

திருப்போரூரில் இறங்கியதும் தாண்டவராயன் அவனை மைதானத்துக்கு அழைத்துப் போகவில்லை. நேராக முருகன் கோயில் மொட்டை மண்டபத்துக்கு அழைத்துப் போனார்.

"தலையில கீறது எவ்ளோ வெயிட்டு வரும்?" என்று கேட்டார்.

"வேணாம் மாமா. போன வாரம்தான் மாமா ஸ்டைலா வெட்டுனேன்."

"உக்காருடா."

தலையை நனைக்கத் தண்ணீர் தெளித்தபோது சுதாகர் நாக்கை நீட்டினான். தாண்டவராயன் அவன் வாயைப் பொத்தினார்.

"என்ன வேண்டுதல்?" என்று கேட்டார் மொட்டை போடுபவர்.

"ஒரு கிலோ," என்றார் தாண்டவராயன்.

மைதானத்தில் மேசை போட்டு எடை பார்த்துக்கொண்டிருந்தவர் தனகோடி. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். சுதாகர் கண்ணை மூடிக்கொண்டு அவருடைய தராசில் ஏறினான்.

"ஐம்பத்தேழு தொள்ளாயிரம். அடுத்த ஆள் வா."

தாண்டவராயன் காதில் அது விழுந்தது, மனதில் ஏறவில்லை. "சார், இன்னொரு வாட்டி போடுங்க."

"எத்தனை வாட்டி போட்டாலும் அதேதான்யா வரும். அறுபதுக்கு ரெண்டு கிலோ கம்மி. இவன் ஏன் இப்படி வாடிக் கிடக்கான்? வீட்ல சோறு போடுறதில்லையா?"

தாண்டவராயன் கோயில் கோபுரம் இருந்த திசையில் கும்பிட்டுவிட்டு, அணியோடு வந்திருந்த பிரவின்குமார் பக்கம் திரும்பினார். "பாத்தியா பிரவினு? மொட்டை போட்டதும் மூணு கிலோ எறங்கிடுச்சு."

"முடி மூணு கிலோ இருக்காது அண்ணாச்சி."

"உனக்கு சாமி நம்பிக்க இல்ல. நீ பேசாத."

முதல் பாட்டுக்குச் சுதாகர் போனான். மூன்று முறை "கபடி" என்றான். நான்காவதற்குள் இரண்டு கெண்டைக்காலும் ஒரே நேரத்தில் சுருட்டிக்கொண்டன. நட்ட நடுவில் உட்கார்ந்துவிட்டான். எதிரணியில் யாரும் அவனைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கிவந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் விட்டார்கள். அதன்பின் மற்ற ஆறு பேரும் முறைவைத்துப் பாடிப் போனார்கள். வழக்கம்போலத் திரும்பி வரவில்லை. குப்பத்து அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. மாவட்ட அணிக்கு எதிரணியிலிருந்து ஒருவனை எடுத்துக்கொண்டார்கள்.

கோவளத்திலிருந்து பஸ் பிடித்து, தம்பி ஆடுவதைப் பார்க்க நேராக மைதானத்துக்கே வந்த வச்சலா, வேப்பமரத்தடியில் மொட்டைத் தலையும் குழிந்த கண்ணுமாகக் கால் நீட்டிக் கிடந்தவனை முதலில் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனாள். பிறகு திரும்பி வந்தாள்.

"யோவ், என் தம்பிய இன்னாயா பண்ண?"

"நான் இன்னா பண்ணேன்? அறுபதுக்கு மேல ஒண்ணே முக்கா கிலோ கூட இருந்தான். ரெண்டு நாளா தண்ணிய வத்த வச்சேன்."

"இவனா கூட இருந்தான்? எதுல எடை போட்ட?"

"நம்ம கடை முன்னால கீற தராசுலதான்."

வச்சலா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அது விக்கிற தராசுயா. வாங்குற தராசு கட்டிலுக்கு அடியில கீது."