இரண்டால் பெருக்கிய இடது கால்

மனிதகுலம் சைக்கிளைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஒரு மாபெரும் அறியாமையில் உழன்றுகொண்டிருந்தது. எங்கே போகிறோம் என்பது தெரிந்தது. எப்போது போய்ச் சேர்ந்தோம் என்பதும் தெரிந்தது. எவ்வளவு அழுத்தி மிதித்தோம் என்பது மட்டும் தெரியவில்லை. வெட்கக்கேடு! கணக்கே இல்லாமல் மிதித்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்து, சந்தோஷமாக வீடு திரும்பிய தலைமுறைகளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அந்த இருளை விரட்டப் புறப்பட்டவர்தான் குழாய்க் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு மேலாளர்.

உள்ளதைச் சொல்லிவிடுவோம். அவருக்கு அறிவியல் தாகம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது மச்சினன்.

மச்சினன் பல் டாக்டர், மேலாளருடைய மனைவிக்கு ஒரே தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் சங்கத்தார் எல்லோரும் ஊர் எல்லையிலுள்ள தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறுவார்கள். மேலாளர் வளைந்த கைப்பிடி வைத்த தன் பந்தய சைக்கிளில் நாக்குத் தள்ள உச்சிக்கு வந்து சேரும்போது, மச்சினன் அங்கே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருப்பான்.

"வாங்க மாமா! இன்னிக்கு சூப்பரா ஏறினீங்க!"

இந்த ஒரு வாக்கியம் மேலாளரின் வாரம் முழுவதையும் நாசமாக்கிவிடும். திட்டியிருந்தால் பொறுத்திருப்பார். பாராட்டுகிறானே, பாவி! ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது தான் முன்னால் நின்று, "வாடா, நல்லா ஏறினே" என்று அவனிடம் சொல்ல வேண்டும். அவர் வாழ்க்கையில் அப்போது வேறு ஆசை எதுவும் இல்லை. சம்பள உயர்வைக்கூட இரண்டாம் இடத்துக்குத் தள்ளியிருந்தார்.

பவர் மீட்டர் என்றொரு கருவி இருப்பது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. சைக்கிளில் பூட்டினால், கால் எவ்வளவு சக்தியைச் செலுத்துகிறது என்று வாட் கணக்கில் காட்டுமாம். அன்று சாயங்காலமே வீட்டில் அறிவித்தார்.

"அதைப் பூட்டினா வேகமா போகுமா?" என்று கேட்டாள் மனைவி.

"போகாது."

"அப்ப ஏறுறது சுலபமாகுமா?"

"ஆகாது. நான் எவ்வளவு கஷ்டப்பட்டு மிதிக்கிறேன்னு காட்டும்."

"அதை நான் உங்க மூஞ்சியைப் பாத்தே சொல்லிடுவேனே. இதுக்கு ஒரு மிஷினா?"

அறிவியலுக்குக் குடும்பத்தில்தான் முதல் எதிர்ப்பு கிளம்பும். மேலாளர் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டுக் கடைக்குப் போனார்.

சைக்கிள் கடைக்காரர் பொறுமைசாலி. மூன்று வகையையும் மேசைமேல் பரப்பினார். பெடலுக்குள்ளேயே இருப்பது ஒன்று. பெடலைத் தாங்குகிற கிராங்கில் ஒட்டியிருப்பது ஒன்று. பின்சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது இன்னொன்று. மேலாளர் ஒவ்வொன்றையும் குழாயில் ஒழுகல் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல சரியா காட்டுறது எது?"

"எல்லாமே கிட்டத்தட்ட சரியாத்தான் காட்டும் சார்."

"அது கிடக்கட்டும். அதிகமா காட்டுறது எது?"

கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கடையிலேயே ஒரு சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பூட்டி மேலாளரை மிதிக்கவிட்டார். பின்சக்கரத்துக் கருவி கஞ்சத்தனம் காட்டியது. இரண்டு காலையும் தனித்தனியாக அளக்கும் பெடல் அதைவிடச் சற்றே தாராளம். இடது கிராங்கில் ஒட்டிய கருவியோ, அடடா, வள்ளலாக இருந்தது! எண் விறுவிறுவென்று மேலே போயிற்று.

"இது மட்டும் எப்படிங்க இவ்வளவு காட்டுது?"

"இது இடது காலை மட்டும்தான் சார் அளக்கும். வலது காலும் அதே அளவுக்கு மிதிக்கும்னு வெச்சுக்கிட்டு ரெண்டால பெருக்கிடும். உங்களுக்கு இடது கால் பலம் ஜாஸ்தி போல."

இருக்காதா பின்னே? எத்தனை வருஷமாக அலுவலகத்துக்குக் காரில் போகிறார்! வழி நெடுக நெரிசல். கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் உலக்கையாகியிருந்தது. வலது கால் பாவம், சும்மா கூடவே வந்துகொண்டிருந்தது.

"இதுதான் என்னைப் புரிஞ்சுக்கிட்ட மிஷின். பூட்டுங்க," என்றார் மேலாளர்.

அடுத்த சில நாட்களில் அவர் இன்னொரு கண்டுபிடிப்பையும் நிகழ்த்தினார். இடது காலை ஓங்கி மிதித்து வலது காலை ஓய்வெடுக்கவிட்டால் எண் இன்னும் ஏறியது! சைக்கிள் கொஞ்சம் தள்ளாடியது, உண்மைதான். நடந்து போன ஒரு தம்பதி அவரைத் தாண்டிப் போனதும் உண்மைதான். ஆனால் கைப்பிடியில் இருந்த திரையில் முன்னூறு என்று மின்னியபோது இந்தச் சில்லறை விஷயங்களெல்லாம் யாருக்கு வேண்டும்?

சங்கச் செயலாளர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். எண்களைக் கண்டால் அவருக்குக் கண்ணில் நீர் கோத்துவிடும். மேலாளரின் முன்னூறைப் பார்த்ததும் அவசரச் செயற்குழுவைக் கூட்டினார். ஒரே வாரத்தில் முக்கால்வாசிப் பேர் கருவி வாங்கிவிட்டார்கள். எல்லோருக்கும் இடது பக்கம்தான் பிடித்திருந்தது. மேட்டில் யார் முதலில் ஏறினார் என்பதைப் பற்றி ஒரு வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானமும் நிறைவேறியது. 'வந்து சேரும் நேரம் என்பது காற்று, டயர், சாலைக் குழி முதலிய வெளிச்சக்திகளின் தலையீட்டுக்கு உட்பட்டது. ஆகவே அது நம்பத் தகுந்ததல்ல. இனி வாட் ஒன்றே அளவுகோல்.'

அதற்கடுத்த ஞாயிறு. மச்சினன் வழக்கம்போல விசிலடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தான். அங்கிருந்த டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தான். சங்கத்தார் ஒவ்வொருவராக நொண்டிக்கொண்டு வந்தார்கள். கடைசி வளைவில் மேலாளருக்கு இடது கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொண்டது. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தார். டீ ஆறிப்போயிருந்தது.

செயலாளர் ஒவ்வொருவரும் தொட்ட உச்ச வாட்டைக் கைப்பேசியில் பார்த்து முடிவை வாசித்தார். முதலிடம், மேலாளர். கைதட்டல் காதைப் பிளந்தது. டாக்டரின் பேர் கடைசிவரை வரவேயில்லை.

"சார், என்னைச் சொல்லலியே?"

"உங்ககிட்ட மீட்டர் இல்லையே டாக்டர். அளவு இல்லாதவங்க ஏறினதா எடுத்துக்க முடியாது."

"நான்தானே சார் முதல்ல வந்து உங்களுக்கெல்லாம் டீ சொன்னேன்?"

"டீ சொன்னதை நாங்க மறுக்கலியே. ஏறினதுக்குத்தான் ஆதாரம் இல்ல."

மச்சினன் சிரித்துவிட்டான். மேலாளர் அவன் பக்கத்தில் போய் நின்றார். கால் விண்ணென்று தெறித்தது, மனசு துள்ளியது. எத்தனை நாள் ஒத்திகை பார்த்த வாக்கியம்! அவன் தோளில் கை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"வாடா மாப்ளே. நல்லா ஏறினே."

"தேங்க்ஸ் மாமா," என்றான் அவன். "உக்காருங்க மொதல்ல, காலை நீட்டுங்க." அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மேலாளரின் கெண்டைக்காலை நீவிவிட்டான். நன்றாகத்தான் நீவினான். அதுகூட மேலாளருக்கு வெற்றிவிழாவின் ஒரு பகுதியாகவே பட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் செய்தியைச் சொன்னார். "உன் தம்பியைத் தோக்கடிச்சிட்டேன்!"

"ம்... போன் பண்ணினான்," என்றாள் மனைவி, துவைத்த துணியை மடித்துக்கொண்டே.

"ரொம்ப நொந்துபோயிட்டானா? பாவம். நான் வேணா பேசட்டுமா?"

"நொந்துபோகவா? குரலைக் கேக்கணுமே, பள்ளிக்கூடம் லீவு விட்ட பையன் மாதிரி. 'அக்கா, இனிமே யாரு முதல்ல வர்றாங்கன்னு பாக்க மாட்டாங்களாம். அப்ப மாமாவுக்காக நான் மெதுவா ஓட்ட வேணாம்ல?'ன்னு கேட்டான்."

மேலாளர் ஒரு செருப்போடு நின்றார்.

"மெதுவாவா?"

"நான்தான் சொல்லி வெச்சிருந்தேன். ரொம்ப முன்னாடி போயிடாதடா, அவரு மனசு ஒடிஞ்சு சைக்கிளையே வித்துடுவாருன்னு. பாவம், இத்தனை வருஷமா பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே மேடு ஏறியிருக்கான்."

மேலாளருக்கு முகம் சுண்டிப்போயிற்று. இது வெட்கம்தான் என்று ஒரு நிமிஷம் அவருக்கே தெரிந்தது. சாதாரண மனிதனாக இருந்தால் அந்த ஒரு நிமிஷத்திலேயே மச்சினனைக் கூப்பிட்டு, "என்னை மன்னிச்சுடுடா" என்று சொல்லியிருப்பான்.

ஆனால் மேலாளர் தரக்கட்டுப்பாட்டுக்காரர். தனிப்பட்ட உணர்ச்சிகளுக்கு இடம் கொடுப்பவரல்ல. அடுத்த செயற்குழுவில் எழுந்து நின்று, நடுங்கும் குரலில், வேதனையோடு உண்மையைப் போட்டு உடைத்தார். சபை அதிர்ந்துபோயிற்று. இத்தனை வருஷமாக ஒருவன் தன் முழு வேகத்தை மறைத்து, நாம் அவனுக்குக் கொஞ்சம்தான் பின்னால் இருக்கிறோம் என்று நம்மையெல்லாம் நம்பவைத்திருக்கிறான்! இடது காலை ரகசியமாகப் பிடித்து நீவிக்கொண்டே அத்தனை பேரும் கொதித்தார்கள். மோசடிக் குற்றத்துக்காகப் பல் டாக்டரைச் சங்கத்திலிருந்து நீக்குவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. அளவில் நேர்மை தவறுகிறவனை அந்தச் சங்கம் ஒருநாளும் பொறுத்துக்கொள்ளாது.