சம்பந்தியின் விமானத்துக்கு வைத்தியம் பார்த்த விவரம்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. உங்கள் வீட்டில் பெயின்ட் வேலை முடியப்போகிறது என்று மகள் சொன்னாள். அந்த வாடையில் உங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் தலைவலி வராமல் இருக்க வேண்டுமே என்பதுதான் எங்கள் கவலை. இனி விஷயத்துக்கு வருகிறேன். நல்ல விஷயம்தான், பயப்படாதீர்கள்.

பெயின்ட் வேலை முடியும்வரை எங்களிடம் இருக்கட்டும் என்று ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்தீர்கள் அல்லவா? பழைய பொருள் கடையில் நீங்கள் வாங்கிய குட்டி விமானம். ஓர் இறக்கை முறிந்து, காற்றாடி வளைந்து, வயிறெல்லாம் கரி பிடித்து, பார்க்கவே பாவமாக இருந்தது. "சம்பந்தி, இது இப்படியே இருக்கட்டும், யாரும் கை வைக்க வேண்டாம்" என்றீர்கள். பெண்ணைக் கொடுத்தவன் நான், எனக்கா புரியாது? கல்யாணத்தில் "எங்களுக்கு முன்வரிசையெல்லாம் எதுக்கு, வேண்டாம்" என்றீர்கள்; அதை அப்படியே நம்பிப் பின்வரிசையில் உட்காரவைத்தேன்; அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் மழை வருமா வராதா என்பதைத் தவிர உங்களுக்கு வேறு பேச்சில்லை. மகள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடந்து தவிக்கிறாள். இதைச் சரிசெய்து கொடுத்தாலாவது உங்கள் மனம் இளகாதா என்று துணிந்து இறங்கிவிட்டேன்.

காலமெல்லாம் பல்செட் செய்தவனுக்கு உடைந்ததைக் கண்டால் கை சும்மா இருக்குமா? முதலில் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாக அந்தக் கரியைத் தேய்த்தேன், லேசில் போகவில்லை, யாரோ வேண்டுமென்றே பூசியதுபோல் பிடித்துக்கொண்டிருந்தது, நானும் விடவில்லை. பிறகு இறக்கைக்குள் கம்பி செருகி, பல்செட் மாவைக் குழைத்து ஒட்டினேன், காய்ந்ததும் பார்த்தால் இறக்கைக்கு நடுவே இளஞ்சிவப்பாக ஈறு தெரிகிறது! உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அதன்மேல் சாம்பல் நிறம் அடித்தேன், அது என் மூக்குக்கண்ணாடியிலும் தெறித்துவிட்டது, அன்று முழுக்க மேகமூட்டம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சக்கரத்தைக் காணவில்லை, என் வீட்டுக்காரியின் ஸ்வெட்டரிலிருந்து ஒரு பொத்தானை எடுத்தேன். "சாப்பாட்டு மேசை முழுக்க விமானம், நான் தட்டை மடியில வச்சு சாப்பிடறேன், இப்ப பொத்தானும் போச்சா? உங்களுக்கே இது நல்லாருக்கா?" என்று அவள் பிடித்துக்கொண்டாள். பெட்டி மூலையில் விரல் நுனியளவு பைலட் ஒருவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இருக்கையை விட்டு விழுந்திருப்பார் பாவம் என்று தூக்கி உள்ளே வைத்துக் கண்ணாடியை மூடி ஒட்டிவிட்டேன், மனிதர் தலையைப் பிடித்துக்கொண்டேதான் பறக்கிறார்.

நேற்று கடைசிப் பூச்சும் காய்ந்தது. ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். சம்பந்தி, இத்தனை வருடம் எத்தனையோ வாய்களைச் சிரிக்கவைத்திருக்கிறேன், இப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்ததில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இனி நாம் மழையைத் தவிர வேறு ஏதாவது பேசலாம் அல்லவா?

மாப்பிள்ளைக்கும் என் மகளுக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு என் வீட்டுக்காரியின் அன்பும், உங்களுக்கு என் வணக்கமும் உரித்தாகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் சம்பந்தியம்மா போன் செய்தார்கள். நீங்கள் செய்துகொண்டிருந்தது வயலில் விழுந்து நொறுங்கிய விமானத்தின் மாதிரிக் காட்சியாம். கடையில் வாங்கும்போது லேசான விரிசல்தான் இருந்ததாம். இறக்கையை முறித்தது, கரி பூசியது, தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்திருக்கும் பைலட்டைச் செய்தது எல்லாம் உங்கள் ஆறு மாதக் கைவேலையாம். "இப்படியே இருக்கட்டும்" என்று நீங்கள் சொன்னதற்கு அர்த்தம், இப்படியே இருக்கட்டும் என்பதுதானாம். நான் போனிலேயே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர்களோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். "விடுங்க சம்பந்தி, மறுபடி உடைக்க அவருக்கு ஆறு மாசம் வேலை கிடைச்சுது, எனக்கும் வீட்டில நிம்மதி" என்றார்கள். அதைக் கேட்டபிறகுதான் மூச்சே வந்தது. நானே உடைத்துத் தந்துவிடலாம் என்று குறடும் கையுமாக ஜன்னலோரம் போனேன். என் வீட்டுக்காரி குறுக்கே வந்து நின்றுகொண்டாள். "வேணாங்க, பாவமா இருக்கு" என்கிறாள், அந்தப் பொத்தான்காரி. எனக்கும் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள். சாப்பிட்டுவிட்டு நீங்களே உடையுங்கள், நான் அடுத்த அறையில் இருந்துகொள்கிறேன்.