முப்பத்தொரு நோட்டும் இரண்டே பக்கமும்

"அப்பா, இது சி.வி. இல்ல. கேஸ் ஷீட்!"

மகள் காகிதத்தை மேஜைமேல் போட்டாள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தான் எழுதியதை யாரோ எழுதியதுபோலப் படித்துப் பார்த்தார்.

வயது: ஐம்பத்தெட்டு. தொந்தரவு: நோயாளிகள் வருவதில்லை. எவ்வளவு நாளாக: ஐந்து வருடமாக. இதற்குமுன் இருந்ததுண்டா: இல்லை. குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா: தம்பிக்கு உண்டு. பல் டாக்டர்.

"எல்லாம் உண்மைதானேம்மா?"

"உண்மைதான். ஆனா இதைப் படிச்சா வேலை கொடுக்க மாட்டாங்கப்பா. குளுக்கோஸ்தான் ஏத்துவாங்க."

வேலை ஒரு மருந்துக் கம்பெனியில். மருந்து சாப்பிட்டவர்களுக்கு அதனால் கெடுதல் எதுவும் வருகிறதா என்று கண்காணிக்க ஒரு டாக்டர் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. மகளுக்கு அலுவலகத்தில் ஆள் எடுக்கும் வேலை. ஒரு நாளைக்கு நூறு சி.வி. பார்த்து, தொண்ணூற்றெட்டை ஓரம் கட்டுகிறவள். அவளிடம் போய் மாட்டிக்கொண்டார்.

தெருக்கோடியில் லிஃப்ட் வைத்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்று வந்ததிலிருந்து டாக்டரின் கிளினிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து நாற்காலிகள், ஒரு நர்ஸம்மா, ஒரு மின்விசிறி. ஓயாமல் வேலை செய்தது மின்விசிறி மட்டும்தான். வருமானம் போனதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் நாடி பிடித்துப் பார்த்த ஜனங்கள், ஒரு வார்த்தை சொல்லாமல் மறந்துவிட்டார்களே என்பதுதான் நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. மறந்தவர்களை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதைவிடக் கதவைச் சாத்திவிட்டுப் போவது மரியாதை என்று முடிவு கட்டியிருந்தார்.

மறுநாள் புதிய சி.வி. கொண்டுவந்தார். பதினான்கு பக்கம். ஏழாம் வகுப்பில் நீச்சலில் வாங்கிய சான்றிதழ்வரை ஒன்று விடவில்லை.

"ரெண்டே பக்கம்பா! என்ன செஞ்சீங்கங்கறதைவிட, செஞ்சதால என்ன ஆச்சுங்கறதுதான் முக்கியம். வரிக்கு வரி ஒரு எண் வேணும்."

"என்ன ஆச்சுன்னா? காய்ச்சல் விட்டுது."

"விட்டுதுன்னு எப்படித் தெரியும்?"

"அதான் திரும்பி வரலியே."

"செத்துப்போயிருந்தாலும்தான் திரும்பி வர மாட்டாங்க."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடத்தில் இந்தக் கோணத்தில் அவர் யோசித்ததே இல்லை.

நேரே கிளினிக்குக்குப் போனார். எடை பார்க்கும் எந்திரத்துக்குப் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்து, நர்ஸம்மாவும் அவருமாக நோட்டுகளை இறக்கினார்கள். வருடத்துக்கு ஒன்றாக முப்பத்தொரு நோட்டு. பெயர், தொலைபேசி எண், நோய், கொடுத்த மருந்து. மருந்து யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அது சிவப்பு மையில்.

எண்ணத்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் எண்ண விட்டால்தானே!

"டாக்டர், விக்கல் மாமா!" என்றார் நர்ஸம்மா. "நாலு நாள் விடாம விக்கினாரே. உங்க பில்லைப் பார்த்ததும் நின்னுடுச்சு."

"இங்க பாருங்க, டெய்லர். ஊசியைத் தன் விரலோடவே சேர்த்துத் தைச்சுக்கிட்டு வந்தானே!"

"விரலுக்குக் கட்டுப் போட்டா, கட்டு நேரா இல்லைன்னு பிரிச்சு அவனே கட்டிக்கிட்டான்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பத்தாவது நோட்டைத் திறந்தபோது டாக்டருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வருடம் ஊரெல்லாம் காய்ச்சல். வாசல் படியில்கூட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். குணமான ஒவ்வொருவர் முதுகிலும் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, "ஓடு! இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது!" என்று விரட்டுவார். அந்த ஒரு தட்டில் இருந்த சந்தோஷம் அவருக்கு வாங்கிய பட்டங்களில் இருந்ததில்லை. அந்த நாட்கள் மீண்டும் ஒரு தடவை வராதா என்று ஏங்கினார்.

சரி, எண் வேண்டுமே. நோட்டில் இருந்த தொலைபேசி எண்களைச் சுழற்ற ஆரம்பித்தார்.

"டெய்லரா? நான் டாக்டர் பேசறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி உனக்கு ஒரு மஞ்சள் மாத்திரை கொடுத்தேனே. இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

அந்தப் பக்கம் தையல் எந்திரம் நின்றது.

"இதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர். ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. உயிரோட இருக்கியான்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

'உயிருடன் உள்ளார்' என்று திருப்தியோடு குறித்துக்கொண்டார். மூன்று நாளில் நாற்பத்தாறு பேர். விக்கல் மாமாவுக்குப் பேசிய உடனேயே விக்கல் ஆரம்பித்துவிட்டது.

"டாக்டர், எல்லாரும் பயந்துபோயிருக்காங்க. கடைத்தெருவுல என்னைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்கறாங்க" என்றார் நர்ஸம்மா.

"அடடா! சொல்லிட்டாப் போச்சு."

நாற்பத்தாறு பேருக்கும் மறுபடி பேசினார். "டாக்டர்தான் பேசறேன். பயப்பட ஒண்ணுமே இல்ல. மனசைத் தைரியமா வச்சுக்கங்க."

அதுவரை பாதிப் பேருக்குத்தான் தூக்கம் போயிருந்தது. இப்போது மீதிப் பேருக்கும் போயிற்று.

எது எப்படியோ, சி.வி. இரண்டே பக்கத்தில் கச்சிதமாக வந்தது. சிவப்பு மைக் குறிப்புகளை மகள் முதல் பக்கத்தில், முதல் வரியில் வைத்தாள். நான்காம் நாளே கம்பெனியிலிருந்து பதில்: திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கணினியில் நேர்காணல்.

"பக்கத்து வீட்டுல சுவரை இடிக்கறாங்க. நேர்காணலுக்குச் சத்தமே இல்லாத இடமாப் பாருங்கப்பா" என்றாள் மகள்.

"என் கிளினிக்கைவிடச் சத்தமில்லாத இடம் எதும்மா இருக்கு?" என்றார் டாக்டர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மகளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை மகளின் மடிக்கணினியை மேஜைமேல் வைத்து, எதிரே விறைப்பாக உட்கார்ந்தார். திரையில் கம்பெனி அதிகாரி, ஒரு நடுத்தர வயதுப் பெண்.

"உங்க சி.வி. எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு டாக்டர். மாத்திரை ஒத்துக்காம போனதை இவ்வளவு வருஷம் விடாம எழுதி வச்சிருக்கீங்க. பெரிய இடங்கள்லகூட இதைச் செய்யறதில்ல. ஒரே ஒரு கேள்விதான். கிளினிக்கை விட்டுட்டு எதுக்கு இங்க வர நினைக்கறீங்க?"

இதற்கு மகள் ஒரு பதில் மனப்பாடம் செய்து வைக்கச் சொல்லியிருந்தாள். 'புதிய சவால்கள்' என்று ஆரம்பிக்கும். டாக்டர் வாயைத் திறந்தார். அவருக்குப் பொய் வரவில்லை.

"இங்க யாருமே வரதில்லைம்மா."

கதவு திறந்தது. "டாக்டர், நாற்காலி பத்தல" என்றார் நர்ஸம்மா.

அந்த வாக்கியத்தைக் கேட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. டாக்டர் திரையை மறந்து திரும்பிப் பார்த்தார். நர்ஸம்மாவுக்குப் பின்னால் பழைய எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தபடி டெய்லர். அவன் தோளுக்குமேல் விக்கிக்கொண்டே மாமா. அதற்கும் பின்னால் வாசல்வரை தலைகள்.

"எத்தனை நாள் டாக்டர் இருக்கு எனக்கு? மறைக்காம சொல்லிடுங்க!" என்றான் டெய்லர்.

"நேர்காணல் நடக்குதுப்பா. வெளியில இரு!"

"பரவாயில்ல, பாருங்க டாக்டர்" என்றது திரை.

வேறு வழியில்லை. ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். டெய்லரின் மார்பில் வைத்தார். எத்தனையோ நாளாகச் சும்மா தொங்கிய குழாய் வழியாக ஓர் இதயம் திடும் திடும் என்று அடித்தது. தன் இதயத்தின் சத்தமும் அதோடு சேர்ந்து கேட்பதுபோல் டாக்டருக்குத் தோன்றியது.

"கல்லு மாதிரி இருக்கே. வெறும் பயம்."

வாசல்வரை ஒரு பெருமூச்சு போயிற்று. மாமாவின் விக்கல் நின்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எந்த வருடம் எந்த மாத்திரை, அன்றைக்கு டாக்டர் என்ன சட்டை போட்டிருந்தார் என்பதுவரை. ஒருத்தருக்கும் எதுவும் மறந்திருக்கவில்லை.

அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குரலை உயர்த்திக் கேட்டார். "இவ்வளவு பிரியமா இருக்கீங்களே, அஞ்சு வருஷமா ஏன் ஒருத்தர்கூட இங்க வரல?"

டாக்டர் கேட்க நினைத்து, தன்மானம் தடுத்து, இத்தனை நாள் விழுங்கிவைத்த கேள்வி அது. பதில் என்னவாக இருந்தாலும் கேட்டுவிடுவது என்று மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

டெய்லர் டாக்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் குனிந்து ரகசியம்போலச் சொன்னான்:

"பெரிய ஆஸ்பத்திரியிலயாவது அடுத்த வாரம் வாங்கன்னு தேதி போட்டுக் கூப்பிடறாங்கம்மா, இவர்தான் எங்க ஒவ்வொருத்தர் முதுகிலயும் தட்டி, இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டாரே!"