ராசாமணி அக்காவோட புலிக் கம்பளி

புதன்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. ராசாமணி அக்காவோட கம்பளியத் துவைச்சு, காயவெச்சு, சாயங்காலம் நாலு மணிக்குள்ள மடிச்சுக் கொண்டுபோய்க் கொடுக்கணும். அவ்வளவுதான். ராக்கெட் விடற வேலையில்ல.

மலைக்குக் கீழ, கீழ் நாட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். எங்க குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் லைன் வீடுகள்ல, ஊட்டுக்கு ஒறம்பரை, சொந்தக்காரங்க வர்றாங்கன்னா மொதல்ல உலை வைக்க மாட்டோம். கம்பளி தேடிக் கெளம்புவோம். மேட்டுப்பாளையம் தாண்டி மேல வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு கம்பளி பத்தாது. ரெண்டு வேணும். அத்தன கம்பளி எந்த ஊட்டுலயும் இருக்காது. பக்கத்து ஊட்டுல ஒண்ணு, எதுத்த ஊட்டுல ரெண்டுன்னு வாங்கி ஒப்பேத்துவோம். ஒறம்பரை போனதும் துவைச்சுத் திருப்பிக் கொடுத்துரணும். துவைக்காமக் கொடுத்தா, அப்பறம் அந்த ஊட்டுல கருவேப்பிலை கூடக் கேக்க முடியாது.

அந்தப் புதனுக்கு நாலு நாள் முன்னால பொள்ளாச்சியில இருந்து என்ற நாத்தனாரும் அவ ஊட்டுக்காரரும் வந்தாங்க. நானும் லைன் பூராச் சுத்தி மூணு கம்பளி தேத்திட்டேன். ஒண்ணு கொறைஞ்சுது. பக்கத்து ஊட்டு ராசாமணி அக்காகிட்டப் போய் நின்னேன்.

அவங்க பீரோவத் தொறந்து ஒண்ண எடுத்தாங்க. மகன் துபாய்ல இருந்து அனுப்புனது. கரும்பச்சை கலரு. நடுவுல ஆளு உசரத்துக்கு ஒரு புலி. படுத்த வாக்குல நம்மள நேராப் பாக்கும். ரூமுக்குள்ள எங்க போய் நின்னாலும் பாக்கும்.

“இத பாரு செல்வி, இது என்ற சம்பந்திக்குன்னு வெச்சிருக்கறது. புதன்கிழமை நாலு மணிக்குத் திருப்பூர்ல இருந்து வர்றாங்க. போன தடவ வந்துட்டு, ‘உங்க ஊட்டுல போத்திக்க ஒரு நல்ல கம்பளி கூட இல்லீங்களே’ன்னு நாலு பேரு முன்னால சொல்லீட்டுப் போயிட்டாங்க. என்ற மானமே இந்தப் புலிகிட்டதான் இருக்குது. பத்திரம்.”

“அக்கா, என்ற உசுரு மாதிரி பாத்துக்கறேன்”னேன்.

எனக்கு உசுரு மேல எவ்வளவு அக்கறைன்னு அப்பவே அவங்க விசாரிச்சிருக்கலாம்.

நாத்தனார் ஊட்டுக்காரர் மூணு நாளும் கம்பளிய விட்டு வெளிய வரல. சோறும் உள்ளயே. டீயும் உள்ளயே. மூணாவது நாள் டீ கை தவறிப் புலி மூக்கு மேல கொட்டிருச்சு. “பரவால்லீங்க, புலிதானுங்களே”ன்னு சிரிச்சாரு.

செவ்வாக்கிழமை சாயங்காலந்தான் பஸ் ஏறுனாங்க. சரி, துவைக்கணும். மலையில கம்பளி துவைக்கறது பெருசில்ல, காயறதுதான் பெருசு. மாசி மாசத்துல ரெண்டு நாள் ஆகும். சிலசமயம் மூணு.

அதனால புதன்கிழமை காலையில போன்ல வானிலை செய்தி பாத்தேன். “நீலகிரியில் இந்த ஆண்டு வெயில் முன்கூட்டியே தொடங்குகிறது. பகலில் வெப்பம் அதிகரிக்கும்.”

போன மூடி வெச்சுட்டேன். சாமி கண்ணத் தொறந்துருச்சு!

என்ற ஊட்டுக்காரர் அன்னிக்கு ஃபேக்டரிக்கு லீவு. அவரும் அதே செய்தியத்தான் பாத்துட்டு இருந்தாரு. அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையும் கடைசி வரைக்கும் படிப்பாரு.

“ஏம்புள்ள, அதுக்குக் கீழ பலத்த காத்தடிக்கும்னு போட்டிருக்கான்.”

“அது மலைக்கு அந்தக் கோடியில அவலாஞ்சிக்கா இருக்குமுங்க.”

“நீலகிரின்னு போட்டிருக்கான்.”

“மழைன்னாலும் காத்துன்னாலும் எப்பவும் அவலாஞ்சிக்குத்தானுங்க. வெயிலுன்னா எல்லாருக்கும்.”

அவரு எந்திரிச்சு டப்ப எடுக்கப் போனாரு. இருவது வருசக் குடும்பத்துல அவரு கத்துக்கிட்டது அது.

பெரிய டப்புல போட்டு ரெண்டு பேரும் ஏறி மிதிச்சோம். ஆளுக்கொரு முனை புடிச்சுப் புழிஞ்சோம். மூக்குல இருந்த டீக்கறை போவேனாங்குது. குளியலறை மூலையில இருந்து பேரிக்கா மரத்துக்குக் கட்டியிருக்கற கம்பியில தூக்கிப் போட்டோம். கம்பி வளைஞ்சு தரையத் தொட்டுச்சு. அவ்வளவு கனம். ரெண்டு நீலக் கிளிப் மாட்டுனேன்.

“நடுவுல ஒரு கயிறு போட்டுக் கட்டீரலாமா?”ன்னாரு.

“எதுக்குங்க? ரெண்டு ஆளு சேந்து தூக்க முடியல. இதக் காத்து வந்து தூக்கீருமாக்கும்!”

ஈரக் கம்பளி வேற, காஞ்ச கம்பளி வேறன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல.

வெயிலுன்னா வெயிலு, அப்பிடி ஒரு வெயிலு! பதினோரு மணிக்கே ஸ்வெட்டரக் கழட்டிட்டேன். மத்தியானம் தொட்டுப் பாத்தா, கம்பளி அப்பளமாக் காஞ்சு கெடக்குது. “பாத்தீங்களா!”ன்னு அவருகிட்டச் சொல்லீட்டு, சாப்பிட்டு வந்து மடிச்சுக்கலாம்னு உள்ள போனேன். ரசம் ஊத்திக்கற நேரத்துல ஜன்னல் டமார்னு சாத்துச்சு.

தகரக் கூரை படபடன்னு அடிச்சுக்குச்சு. கூரை மேல வெச்ச கல்லுல ஒண்ணு உருண்டு விழுந்துச்சு. வெளிய ஓடுனேன். கூடவே துவைச்சுப் போட்டிருந்த மத்த மூணு கம்பளியும் வேலியில மாட்டிக்கிட்டு இருக்குது. புலி இருந்த எடம் காலி. ஒரு நீலக் கிளிப் மட்டும் கம்பியில ஆடிட்டு இருக்குது.

மணி ஒண்ணே முக்கால்.

“அவலாஞ்சிக் காத்து இங்க எதுக்குப் புள்ள வந்துச்சு?”ன்னு வாசப்படியில நின்னு கேட்டாரு என்ற ஊட்டுக்காரர்.

அதுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்ல. காத்து போற தெச தேயிலைக் காட்டுப் பக்கம். நேரா எறங்குனேன். பாதி தூரம் போயிருப்பேன், கீழ இருந்து கொழுந்து கிள்ளற பொம்பளைங்க பத்துப் பதினஞ்சு பேரு தலைதெறிக்க ஓடி வர்றாங்க. பைய போட்டது போட்டபடி.

“செல்வி அக்கா! கீழ போகாதீங்க! புலி!”

“சிறுத்தையா?”

“இல்லீங்க, புலி! பெரும்புலி! செடிக்கு நடுவுல படுத்துட்டு எங்களையே பாக்குது!”

சிறுத்தை வந்தா நாங்க கதவச் சாத்திட்டு டீ குடிப்போம். காட்டுமாடு வந்தா ஒதுங்கி வழி விடுவோம். புலின்னா கதையே வேற. நான் திரும்பி ஓடுன வேகத்துல, எனக்கு முன்னால ஓடுனவங்க எல்லாரும் எனக்குப் பின்னால வந்தாங்க.

ஊட்டுக்குள்ள போய்த் தாப்பா போட்டேன்.

“கம்பளி?”ன்னாரு அவரு.

“கம்பளி முக்கியமா, உசுரு முக்கியமா? கீழ புலி படுத்திருக்குதாம்!”

அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. நான் கண்டுக்கல. கண்டுக்கிட்டிருந்தா கதை இங்கயே முடிஞ்சிருக்கும்.

பக்கத்துச் சுவத்துல டொக்கு டொக்குன்னு தட்டுற சத்தம். ராசாமணி அக்கா.

“செல்வி! கம்பளி காஞ்சுதா?”

“காஞ்சு… ஆயிருச்சுக்கா! மடிக்கறது மட்டுந்தான் பாக்கி!”

“அத வெய்யி. கீழ புலியாமே! என்ற சம்பந்திக்குப் போன் போட்டு வரவேண்டாம்னு சொல்லீரட்டுமா?”

எனக்கு அப்பிடியே பாலு வார்த்த மாதிரி இருந்துச்சு. “சொல்லீருங்கக்கா! ஒறம்பரைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

ரெண்டு நிமிசம் கழிச்சு மறுபடியும் தட்டுனாங்க. “சொன்னேன் செல்வி. ‘புலியா? நாங்க திருப்பூரத் தாண்டிட்டோம், எங்கயும் நிக்காம வர்றோம், அதுக்குள்ள வெரட்டீராதீங்க’ங்கறாங்க!”

கீழ் நாட்டுக்காரங்கள நம்பவே கூடாது.

அதுக்குள்ள லைன் குரூப்புல போட்டோ வந்துருச்சு. யாரோ தூரத்துல இருந்து எடுத்தது. பச்சைச் செடிக்கு நடுவுல, தலையத் தூக்கிக்கிட்டு, அப்பா! மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. ஒடனே ஸ்டேட்டஸ் வெச்சேன். “எங்க ஊட்டுக்குக் கீழ! எல்லாரும் எங்களுக்காக வேண்டிக்குங்க!” நாத்தனாருக்குத் தனியா அனுப்புனேன்.

நாத்தனார் பதில் போட்டா: “அண்ணி, இது இவரு போத்திட்டுப் படுத்த புலி மாதிரியே இருக்குது.”

“எல்லாப் புலியும் ஒரே மாதிரிதான் இருக்கும்”னு போட்டேன்.

“மூக்குல கறை இருக்குதே அண்ணி.”

“புலி மூக்கு பின்ன எப்பிடி இருக்கும்?”ன்னு அடிச்சுட்டே, அவளுக்கு நிரூபிக்கறதுக்காகப் போட்டோவப் பெருசு பண்ணுனேன்.

புலி காதுகிட்ட ஒரு நீலக் கிளிப் இருந்துச்சு.

நான் அப்பிடியே தரையில உக்காந்துட்டேன். அவரு என்ற கையில இருந்து போன வாங்கிப் பாத்தாரு. “நல்லாத்தான் காஞ்சிருக்குது”ன்னாரு.

மணி மூணரை. ரெண்டு பேரும் ரோட்டுக்கு ஓடுனோம். அங்க திருவிழாக் கூட்டம். லைனே தெரண்டு நிக்குது. சூப்பர்வைசரு எல்லாருக்கும் லீவு விட்டுட்டாரு. ஃபாரஸ்ட்காரங்க ஜீப்புல வந்து எறங்கிட்டாங்க. மீசை வெச்ச ஃபாரஸ்டர் ஒருத்தரு பைனாகுலர்ல பாத்துக்கிட்டே பேசறாரு.

“இருவது வருச சர்வீஸ்ல இவ்வளவு பொறுமையான புலிய நான் பாத்ததில்ல. ஒரு மணி நேரமாக் கண்ண சிமிட்டல. காதுல நீலமா ஏதோ இருக்கு. ஏற்கனவே எங்கயோ புடிச்சு அடையாளம் போட்டு விட்டிருக்காங்க.”

பக்கத்துல ராசாமணி அக்கா, முந்தானைய வாய்ல வெச்சுக்கிட்டு நின்னாங்க. “நல்லவேள செல்வி, என்ற கம்பளி உன்ற ஊட்டுக்குள்ள பத்திரமா இருக்குது”ன்னாங்க.

சொல்லீரலாம்னு வாயத் தொறந்தேன். “ஆமாங்கக்கா”ன்னுதான் வந்துச்சு.

அப்பப் பாத்து ஃபாரஸ்டர், “சரிப்பா, பட்டாச எடு. பத்த வெச்சு அது மேல போடு. எந்திரிச்சு ஓடட்டும்”னாரு.

பட்டாசா! அது மேலயா! சம்பந்தி கம்பளிக்கு நடுவுல ஓட்டை!

“போடாதீங்க!”ன்னு கத்திட்டேன். கூட்டம் பூரா என்னையப் பாத்துச்சு.

“ஏம்மா?”

“அது… ஓடாதுங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அந்தப் புலியத் துவைச்சதே நாந்தானுங்க.”

ஃபாரஸ்டர் பைனாகுலரக் கீழ எறக்கி, மொதல்ல என்னைய, அப்பறம் என்ற ஊட்டுக்காரரப் பாத்தாரு. இவரு, “ஆமாங்க, நானும் கூட மிதிச்சேன்”னாரு.

அந்த நேரம் பாத்துக் காத்து மறுபடியும் அடிச்சுது. செடிக்கு நடுவுல இருந்த புலி மெதுவா எந்திரிச்சுது. நாலு காலையும் விரிச்சு, அந்தரத்துல ஏறி, நேரா எங்களப் பாத்துப் பறந்து வந்துச்சு.

அது நான் துவைச்ச புலின்னு எல்லாருக்கும் இப்பத்தான் சொன்னேன். இருந்தாலும் எல்லாரும் ஓடுனாங்க. ஃபாரஸ்டரும் ஓடுனாரு. துவைச்சவ நானே ஓடுனேன்!

வளைவுல ஒரு வெள்ளைக் காரு திரும்புச்சு. புலி போய் முன் கண்ணாடி மேல அப்பிடியே படுத்துக்குச்சு. காரு கிறீச்சுன்னு நின்னுச்சு. கதவத் தொறந்துட்டு, பட்டுச்சேலை கட்டுன ஒரு அம்மா எறங்குனாங்க. ராசாமணி அக்காவோட சம்பந்தி.

மணி சரியா நாலு.

சம்பந்தியம்மா கம்பளியத் தொட்டுப் பாத்தாங்க. தடவிப் பாத்தாங்க. ராசாமணி அக்கா மொகத்துல ரத்தமே இல்ல. எனக்கு மெய்யாலுமே அழுகை வந்துருச்சு. நம்பிக் கொடுத்தவங்கள இத்தன பேரு முன்னால நிக்க வெச்சுட்டமேன்னு இருந்துச்சு.

“இது யாருதுங்க?”ன்னாங்க சம்பந்தியம்மா.

ராசாமணி அக்கா என்னைய ஒரு பார்வை பாத்தாங்க. அந்தப் பார்வைய நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அப்பறம் நிமிந்து நின்னு, மொகத்துல சிரிப்ப வரவெச்சுக்கிட்டு, “உங்களுக்குத்தானுங்க சம்பந்தி. என்ற மகன் துபாய்ல இருந்து அனுப்புனான். இப்பத்தான் துவைச்சு, வெயில்ல காயவெச்சு…”ன்னாங்க.

சம்பந்தியம்மா கம்பளிய அங்கயே தோள்ல போத்திக்கிட்டாங்க. “நல்ல கதகதப்புங்க. வரவேற்பும் நல்லா இருந்துச்சு”ன்னாங்க. அப்பறம் குனிஞ்சு பாத்து, “புலிக்கு மூக்குல மட்டும் என்னமோ கறைங்க.”

“அது புலிக்குப் பொறவியிலயே இருக்கறதுங்க”ன்னாங்க அக்கா.

ஃபாரஸ்டர் எனக்கு ஒரு அரைமணி நேரம் புத்தி சொன்னாரு. சூப்பர்வைசரு தலையில அடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. கொழுந்து கிள்ளற பொம்பளைங்க மட்டும் இப்பவும் வழியில பாத்தா, “அக்கா, அடுத்தது எப்பத் துவைக்கறீங்க?”ன்னு ஆசையாக் கேக்கறாங்க.

நான் இப்ப வானிலை செய்திய ரெண்டு தடவ, கடைசி வரி வரைக்கும் படிக்கறேன்.

ராசாமணி அக்கா நல்ல மனுசி. பத்து நாள் பேசல, அப்பறம் பேசிட்டாங்க. இப்பவும் ஒறம்பரை வந்தாக் கம்பளி தர்றாங்க. பூப்போட்டது மட்டும்.