எடுத்த வாயுவும் கொடுத்த சாவியும்

பெற்றோர் சூட்டிய பெயரைத் தெருவே மறந்துவிட்டமையால் உறையார் என்னும் சிறப்புப் பெயரால் மட்டுமே அறியப்படுபவரும், அகவை அறுபத்திரண்டு நிறைந்தவரும், பண்டகசாலைக் காப்பாளர் பதவியிலிருந்து மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றவருமான நம் குடும்பத்தலைவர், ஒரு நாள் காலையில் பெருந்தீர்மானம் ஒன்றுக்கு வந்தார். தம் காரின் ஏசியைத் தாமே பழுது பார்ப்பது என்பதே அத்தீர்மானம்.

உறையார் என்ற பெயர் சும்மா வந்துவிடவில்லை. "பிரித்த பொருள் பாதிப் பொருள்" என்பது பண்டகசாலை அவருக்குக் கற்பித்த வேதம். ஆகவே அவர் இல்லத்தில் டிவி ரிமோட் உறைக்குள் இருந்தபடியே ஊழியம் செய்யும். சோபாவில் அமர்ந்தால் சரசரக்கும். எழுந்தால் ஒட்டிக்கொண்டு கூடவே எழும். கார் வாங்கி நான்காண்டுகள் ஆகியும் அதன் இருக்கைகள் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக்கைக் கைவிட்டதில்லை.

அந்தக் காரின் ஏசிதான் ஓராண்டாக நோய்வாய்ப்பட்டிருந்தது. காற்று வந்தது. வந்தது என்பதும் மரியாதைக்குச் சொல்வதே. கொசு தும்மினால் அதைவிடக் கூடுதலாக வரும்.

"கேஸ் போயிடுச்சு" என்று நாடி பார்க்காமலே தீர்ப்பளித்தார் உறையார்.

"மெக்கானிக்கிட்ட ஒரு தடவ காட்டிடலாமே?" என்றார் இல்லத்தரசி.

"மெக்கானிக்கா? பிரிச்சுப் போட்டுடுவான்!"

"பிரிக்காம எப்படிங்க பாக்கறது? டாக்டரே நாக்கை நீட்டச் சொல்றாரு."

"நான் மிஷின் வாங்கறேன். வீட்லயே கேஸ் ஏத்தற மிஷின்."

இல்லத்தரசிக்கு ஏசியைவிடப் பெரிய கவலை வேறொன்று இருந்தது. அவர் கார் ஓட்டக் கற்று, உரிமமும் பெற்று, அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெறுமனே சுமந்து திரிந்தார். முழங்கால் அறுவை முடிந்து கிடக்கும் அக்காவைப் பார்க்க இரண்டு பஸ் மாறிப் போகவேண்டியிருந்தது. சாவி கேட்கும்போதெல்லாம் உறையார் ஒரே பல்லவி பாடுவார்: "புது வண்டி. கீறல் விழுந்துடும்."

சனிக்கிழமை மாலை இயந்திரம் ஒரு வாடகை வேனில் வந்திறங்கியது. அப்போதுதான் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் காருக்குள் நுழைந்திருந்த இல்லத்தரசி, கண்ணாடியும் கையுமாக இறங்கினார். இடுப்பளவு உயரம், நான்கு சக்கரம், இரண்டு வட்ட மானிகள், சிவப்பொன்றும் நீலமொன்றுமாக இரு குழாய்கள். காரில் உள்ள பழைய வாயுவை உறிஞ்சி, எடை போட்டுச் சொல்லி, பிறகு வேண்டிய அளவை ஏற்றும் இயந்திரம் அது.

இன்று வீட்டில் பூகம்பம்தான் என்று உறையார் கைகளை மார்பில் கட்டி நின்றார்.

"அழகா இருக்குங்க" என்றார் இல்லத்தரசி.

உறையாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தைந்தாண்டு இல்லறத்தில் அவர் வாங்கிவந்த ஒரு பொருளுக்கு இப்படியொரு சொல் கிடைத்ததே இல்லை.

"இதால குளிரலேன்னா என்ன பண்றது?" என்று அம்மையார் மெல்லக் கேட்டார்.

"குளிரலேன்னா சாவி உன் கையில!" அகமகிழ்ந்துபோன மனிதருக்கு வாய்க்குத் தாழ்ப்பாள் ஏது?

"ஒருவேளை நானே குளிர வெச்சுட்டா?"

"நீயா! நீ குளிர வெச்சா நான் ஆயுசுக்கும் பின்சீட்டு!"

"டாக்டர் தம்பி, கேட்டுக்கிட்டீங்களா?"

பக்கத்து வீட்டுப் பல் மருத்துவர் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "தெளிவா கேட்டேன் அக்கா" என்றார்.

மறுநாள் காலை வைத்தியம் தொடங்கியது. பானெட் திறந்தது. குழாய்கள் 'டக், டக்' என்று ஏசியின் வாயைப் பற்றிக்கொண்டன. இயந்திரம் உறுமியது. உறையார் கையுறை அணிந்திருந்தார். அக்கையுறையின் மீதும் அதன் பிளாஸ்டிக் உறையை அணிந்திருந்தார். உறிஞ்சல் முடிந்தது, ஏற்றமும் முடிந்தது. ஓட்டுநர் இருக்கையில் சரசரவென்று அமர்ந்து, ஏசியை முடுக்கி, கண்களை மூடிக் காத்திருந்தார்.

கொசு தும்மியது.

"ஏங்க, காரிலிருந்து எவ்வளவு எடுத்துச்சாம் மிஷின்?"

உறையார் இறங்கிவந்து எண்ணைப் படித்தார். "ஐந்நூறு கிராம்."

"பானெட்டுக்கு அடியில எவ்வளவு இருக்கணும்னு எழுதியிருக்கு?"

குனிந்தார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"ஐந்... நூறு."

"இப்ப எவ்வளவு ஏத்தினீங்க?"

உறையார் மானியைக் கையால் மறைத்தார். மதிலுக்கு மேலிருந்து மருத்துவர் உதவிக்கு வந்தார்: "அப்ப நல்ல பல்லைப் பிடுங்கி, அதே பல்லை அதே குழியில வெச்சிருக்கீங்க சார்!"

உறையாரின் முகம் வெளுத்தது. வாயு போகவே இல்லையா? அப்படியானால் இந்த இயந்திரம்? நேற்றைய சவடால்? கைவிட்டு ஏதோ நழுவத் தொடங்கியது. அது சாவியாக இருக்கலாம்.

இல்லத்தரசி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு காரின் இடப்பக்கம் ஏறினார். முன்னால் இருந்த டப்பாவைத் திறந்தார். உள்ளிருந்த சாமான்களை மடியில் போட்டார். டப்பாவையே கழற்றினார். பின்னால் தெரிந்த இடுக்கில் கையை விட்டு, ஏசிக் காற்று புகுந்து வரும் தட்டையான ஃபில்டரை வெளியே இழுத்தார்.

அது பளபளத்தது. அக்கம்பக்கமே பார்க்கப் பளபளத்தது. கம்பெனியில் சுற்றிய பிளாஸ்டிக் உறை, ஓர் ஓரம்கூடக் கிழியாமல், அப்படியே இருந்தது.

"இதப் போன வருஷம் மாத்தினது யாரு?"

உறையார் உறைந்தார். மாற்றியவர் அவரே. பிரித்தால் அழுக்காகுமே என்று அக்கறையோடு, உறையோடு, உள்ளே வைத்தவரும் அவரே.

சர்ரென்று உறை கிழிந்தது. அந்த ஓசை அவர் நெஞ்சில் கேட்டது. ஃபில்டர் உள்ளே போனது, டப்பா மூடிக்கொண்டது. ஏசி ஓடியது. மறுகணம் காருக்குள் பனிக்காலம் புகுந்தது. மருத்துவர் கை தட்டினார்.

"எப்போ தெரியும் உனக்கு?" என்றார் உறையார்.

"நேத்து. கண்ணாடி தேடினப்போ டப்பா கையோட வந்துடுச்சு, பின்னால கவரு மின்னுச்சு."

"அப்பவே சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா குளிரு மட்டும்தாங்க கிடைச்சிருக்கும். சாவி கிடைச்சிருக்காது."

நீட்டிய கையில் சாவி விழுந்தது. அதற்கும் ஓர் உறை இருந்தது, அதுவும் கிழிந்தது. அக்கா வீட்டை நோக்கி வண்டி புறப்பட்டது. ஒரு கீறல் இல்லாமல் வாசல் தாண்டி, தெருமுனையில் லாவகமாகத் திரும்பியது. பின்னிருக்கையில், சொன்ன சொல் தவறாத மனிதர் கைகளைக் கக்கத்தில் செருகி நடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா... கொஞ்சம் குறையேன். குளிருது."

அம்மையார் பின்புறம் காட்டும் கண்ணாடியில் அவரை ஒருமுறை பார்த்தார்.

"கிழிச்ச கவரு உங்க பக்கத்துலதாங்க இருக்கு. போத்திக்கோங்க."

அவர் போர்த்திக்கொண்ட நாள், மே மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.