பா தாக்கோரும் ஒரு விரல் காம்பும்

மொரீஷியஸ் தீவு கடலுக்கு மேலே தலைகாட்டிய நாளிலிருந்து இன்றுவரை, எதற்குமே சம்மதிக்காத மனிதர் என்று அங்கே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரோடு ஒரே அறையில், எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. போன ஜன்மத்தில் யார் குடியைக் கெடுத்தேனோ தெரியாது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை யாரும் பயன்படுத்தியதில்லை. மோகாவில் இருந்த எங்கள் விவசாய அலுவலகத்தில் காவலாளி முதல் பெரிய அதிகாரி வரை எல்லோருக்கும் அவர் 'மிஸ்யே பா தாக்கோர்'தான். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் 'மிஸ்யே' என்றால் ஐயா, 'மோ' என்றால் நான், 'பா தாக்கோர்' என்றால் சம்மதமில்லை, ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அர்த்தம். காலையில் மரியாதைக்கு, "இன்னைக்கு நல்ல வெயில்" என்று சொன்னால்கூட ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மோ பா தாக்கோர். இது மழைக்கு முந்தின வெயில். இதை நல்ல வெயில்னு யாரு சொன்னது?" என்பார். சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொண்டு உட்கார வேண்டும்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். காய்கனிகளுக்குத் தரம் பார்க்கிற படிப்பு ஒன்றைப் படித்துவிட்டு எண்பதுகளில் ஒப்பந்த வேலைக்கு அங்கே போனவன். தீவு முழுக்கத் தையல் ஆலைகளும் கடற்கரை ஓட்டல்களும் முளைத்துக்கொண்டிருந்த காலம். அவர் தேர் ரூஜ் கிராமத்துக்காரர். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பம். தமிழில் கோயிலில் பாடுவார், சண்டை போட வராது. அதனால் எங்கள் சண்டையெல்லாம் கிரியோலில்தான் நடந்தது. உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். அந்த இரண்டு சொல்லை மட்டும் அப்படியே விடுகிறேன், மொழிபெயர்த்தால் காரம் போய்விடும்.

தலைநகர் போர் லூயியில் இருந்து மோகாவுக்கு நாங்கள் ஒரே பஸ்ஸில் போவோம். ஒருநாள் கண்டக்டர், "பஸ் நிறைஞ்சிடுச்சு, அடுத்ததில வாங்க" என்று வாசலில் கையை நீட்டி மறித்தான். நியாயமான மனிதன் இறங்கிக்கொள்வான். இவர் படியில் ஒரு காலை வைத்தபடி, "நிறைஞ்சதுன்னா என்ன? உட்கார இடம் இல்லாததா, நிக்க இடம் இல்லாததா, மூச்சு விட இடம் இல்லாததா? எதுன்னு முடிவு பண்ணிச் சொல்லு" என்றார். டிரைவர் ஒன்று சொன்னார், பயணிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அதற்குள் பின்னால் வந்த அடுத்த பஸ் எங்களைத் தாண்டிக் காலியாகப் போய்விட்டது. அலுவலகத்தில் தாமதத்துக்குத் திட்டு வாங்கியவன் நான். அவரைத் திட்ட யாருக்கும் தைரியம் கிடையாது, திட்டினாலும் அதற்கும் சம்மதிக்க மாட்டார்.

கல்யாண வீட்டிலாவது மனிதர் சும்மா இருப்பாரா? அங்கே தமிழர் வீட்டு விருந்தென்றால் வாழையிலையில் ஏழு கறி. அதை 'செட் காரி' என்பார்கள். தேர் ரூஜில் ஒரு கல்யாணத்தில் எனக்கு நல்ல பசி, முதல் கவளத்தை உருட்டிக் கையில் எடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த நம்மவர் இலையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"இது ஆறு காரி."

பெண்ணின் தகப்பனார் ஓடிவந்து, "இல்லை மிஸ்யே, அந்த ஓரத்தில் அஷார் இருக்கே, அதோட ஏழு" என்றார்.

"அஷார் ஊறுகாய். ஊறுகாய் எந்த ஊரில் கறியாச்சு? மோ பா தாக்கோர்."

பந்தி முழுக்கக் கையில் சோற்றோடு காத்திருந்தது. பெண் வீட்டார் உள்ளே போய் அவசரமாக ஒரு பூசணிக்காயை வெட்டித் தாளித்துக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் மனிதர் உட்கார்ந்தார். அந்தப் பூசணி வேகவும் இல்லை. எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

இப்படிப்பட்ட மனிதரைப் போய், அண்டை நாடுகளெல்லாம் ஒத்துப்போவதற்கென்றே கூட்டிய ஒரு குழுவில் உறுப்பினராகப் போட்டார்கள். எந்த மகானுபாவன் போட்டானோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

விஷயம் இதுதான். கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் எங்களைச் சுற்றியிருந்த தீவுகளிலும் விளைபொருளுக்கு ஆளுக்கொரு தர விதி இருந்தது. ஒரு துறைமுகத்தில் முதல் தரமாக ஏறிய வெங்காயம் அடுத்த துறைமுகத்தில் குப்பைக்குப் போகும். எல்லோருக்கும் பொதுவாக ஒரே விதி எழுதிவிட்டால் யார் சரக்கும் யார் ஊரிலும் இறங்கும். நல்ல காரியம் என்று அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். பீன்ஸுக்கு எழுதினோம், சோளத்துக்கு எழுதினோம். அன்னாசியில் வந்து சிக்கிக்கொண்டோம்.

ஆப்பிரிக்கப் பெருநிலத்து அன்னாசி ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை கனம். மொரீஷியஸ் அன்னாசியோ ஒரு கையில் அடங்கிவிடும். அதைச் சுற்றிச் சுற்றிச் சீவி, காம்பைப் பிடித்துக்கொண்டு மிளகாய் உப்பில் தொட்டுக் கடித்துத் தின்பது அந்த ஊர் வழக்கம். வரைவு விதி என்ன சொன்னதென்றால், இன்ன எடைக்குக் குறைந்தது பழமாக விற்கத் தகுதியில்லை, டப்பாவில் அடைக்கத்தான் லாயக்கு. அத்தோடு காம்பைப் பழத்தின் அடியோடு ஒட்ட நறுக்கிவிட வேண்டும். எங்கள் தீவில் டப்பா ஆலைக்கு எங்கே போவது?

ரிவியேர் தே ஸாங்கீய் பக்கம் வீரம்மா தான்தீன் என்று ஒரு அம்மாள் இருந்தாள். தான்தீன் என்றால் அத்தை, ஊருக்கே அத்தை. குத்தகை நிலத்தில் அன்னாசி போட்டுப் பக்கத்துத் தீவுக்குக் கப்பலில் அனுப்பிப் பிழைத்தவள். பொது விதி வந்ததும் அதன்படிதான் சரக்கு எடுப்பேன் என்று அந்தத் தீவு வியாபாரி சொல்லிவிட்டான். எடை விதி நிறைவேறினால் அவள் அனுப்பும் பழத்தில் ஒன்றுகூடக் கப்பலேறாது, நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தையல் ஆலைக்குத்தான் போக வேண்டும். சந்தையில் அவள் புலம்பியபோது நம்மவர், "நான் இருக்கிறவரைக்கும் அது நிறைவேறாது" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வாக்குக் கொடுக்க இவர் யார்? பழத்துக்கு இவரா தகப்பன்? பஸ்ஸில் இரைந்து கேட்டேன். கேட்டதற்கும் சம்மதிக்கவில்லை.

கூட்டம் மோகாவில் நடந்தது, அவருக்கு உதவியாக நானும் உட்கார்ந்திருந்தேன். தலைவர் பெருநிலத்துக்காரர், பருத்த உடம்பு, பரம சாது. முதல் நாள் நம்மவர் மின்விசிறியின் வேகத்துக்கு ஆட்சேபணை சொன்னார், 'புதிய பழம்' என்பதில் இருந்த 'புதிய'வுக்கு ஆட்சேபணை சொன்னார். தலைவர், "உங்கள் சின்னப் பழத்தின் மேல் எங்களுக்கு விரோதம் இல்லை" என்று இதமாகத்தான் சொன்னார்.

"எங்க பழம் சின்னது இல்லை. உங்க பழம் பெரிசு."

மறுநாள் தேநீர் இடைவேளையில் அவர் வீரம்மாவைக் கத்தியோடும் கூடையோடும் மிளகாய் உப்போடும் உள்ளே அழைத்து வந்துவிட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளோ யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சீவிச் சீவி ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தாள். பிரதிநிதிகள் காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கடித்தார்கள், இன்னொன்றுக்குக் கை நீட்டினார்கள். தலைவர் தம் ஊர்ப் பழத்தைத் தட்டில் வைத்து முள்கரண்டியோடு மல்லுக்கட்டி, சாற்றைக் கழுத்துப்பட்டையில் வடியவிட்டுக்கொண்டார். கடைசியில் அவரும் ஒரு சின்னப் பழத்தைக் காம்போடு வாங்கிக்கொண்டார்.

உட்கார்ந்ததும் தலைவர் சொன்னார்: "குறைந்தபட்ச எடையை நீக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். மற்றபடி விதி அப்படியே இருக்கட்டும். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

என் மனசு குளிர்ந்துவிட்டது. வீரம்மாவின் நிலம் பிழைத்தது என்று நினைத்தேன்.

எதிரே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பா தாக்கோர்."

மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தவர் வாயே திறக்கவில்லை. அந்தச் சொல் அதற்குள் எல்லா நாட்டுக்காரர்களுக்கும் பாடமாகியிருந்தது.

"காம்பை ஒட்ட நறுக்கச் சொல்லியிருக்கே. நறுக்கிட்டா எதைப் பிடிச்சுத் தின்பாங்க? இப்போ நீங்க எதைப் பிடிச்சுத் தின்னீங்க?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள், தலைவரைத் தவிர. அந்தச் சாதுவுக்கும் கோபம் வந்தது. மொத்த விதியையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கிறேன் என்று சொல்லி எழுந்து போய்விட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதை.

நான் வெளியே வந்து கத்தினேன். என்னைவிட அதிகமாகக் கத்தியவள் வீரம்மா. "காம்பை நறுக்கச் சொன்னா நான் நறுக்கிட்டுப் போறேன், மிஸ்யே. உங்களுக்கு எங்கே வலிக்குது? என் நிலம் போனா உங்க காம்பைப் பிடிச்சுக்கிட்டா தொங்குவேன்?"

மனிதர் அவளையும் நிதானமாகப் பார்த்து, "பா தாக்கோர், தான்தீன்" என்றார். கூடையை அவரே தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை அவள் பின்னால் போனார். வழி நெடுக அவள் திட்டிக்கொண்டே போனாள்.

அடுத்த கூட்டம் பெருநிலத்தில், ஓர் ஏரிக்கரை ஊரில் நடந்தது. எங்கள் பெரிய அதிகாரி இந்த முறை விவரமாக என்னை அனுப்பினார். "நீங்கள்தான் எதற்கும் தலையாட்டுவீர்கள்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். பாராட்டென்று எடுத்துக்கொண்டேன். பா தாக்கோர் என்னை வழியனுப்பக்கூட வரவில்லை.

அங்கே புதிய வரைவைப் பிரித்தால், எடை விதி திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. மோகாவில் தின்ற பழத்தின் ருசி யாருக்கும் நினைவில்லை. எதிர்ப்பவர் வரவில்லையே, சத்தம் போடாமல் முடித்துவிடலாம் என்ற நிம்மதி எல்லா முகத்திலும் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பிட்ட கையின் பிசுக்கு காய்வதற்குள் சாப்பாடு போட்டவளை மறந்துவிடுவதா?

"ஆட்சேபணை இல்லை அல்லவா?" என்று தலைவர் பேனாவை மூடப் போனார்.

"பா தாக்கோர்" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. நாற்காலியையும் அவரைப் போலவே பின்னால் தள்ளியிருந்தேன் என்று அப்புறம்தான் கவனித்தேன். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு, "நீங்களுமா?" என்று முனகினார். அப்புறம் நான் உட்காரவே இல்லை. பழம் சின்னதில்லை, உங்கள் பழம் பெரியது என்பதுவரை ஒன்று விடாமல் சொன்னேன். பொழுது சாய்வதற்குள் எடை விதி போயிற்று. காம்பையும் ஒட்ட நறுக்க வேண்டாம், ஒரு விரல் நீளம் விடலாம் என்று எழுதினார்கள்.

திரும்பியதும் நேராக அவர் மேஜைக்குப் போய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் கடைசிவரை கேட்டார். ஒரு பாராட்டு வருமென்று காத்திருந்தேன்.

"ஒரு விரல்னா யாரோட விரல்?" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவர் பேசினார். தம் நடுவிரலை மேஜையில் வைத்து அளந்து காட்டி, இதைத்தான் பொது விரலாக எழுத வேண்டும் என்று தினமும் வாதாடினார். விதி அப்படியே நிலைத்தது. வீரம்மாவின் பழம் காம்போடு கப்பலேறியது. குத்தகை நிலத்தைப் பின்னால் அவள் சொந்தமாகவே வாங்கினாள்.

நான் ஊர் திரும்பி வெகுகாலம் ஆகிவிட்டது. இங்கேயும் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்தாகிவிட்டது. எல்லோரும் எல்லாவற்றுக்கும் சம்மதிக்கிறார்கள், தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. எழுந்து வரும்போது வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

போன மாதம் வீரம்மா தான்தீன் தொலைபேசியில் கூப்பிட்டாள். மிஸ்யே பா தாக்கோர் போய்விட்டார் என்றாள். தேர் ரூஜ் வீட்டுக்குப் போய், கிடத்தியிருந்தவர் பக்கத்தில் தன் நிலத்து அன்னாசி ஒன்றை வைத்துவிட்டு வந்தாளாம்.

"காம்பை ஒட்ட நறுக்கலை, மிஸ்யே. ஒரு விரல் விட்டுத்தான் வெச்சேன்."

ஏதாவது ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "யாரோட விரல்?" என்று கேட்டுவிட்டேன்.



"அவரோட விரல்தான்," என்றாள். "கையைப் பிடிச்சு, வெச்சுப் பார்த்துத்தான் நறுக்கினேன்."